அவளுக்கு ஒத்துக்காது

"காரம் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும் சித்தி. எனக்கில்ல, அவளுக்கு ஒத்துக்காது."

வெள்ளைக்கார மனைவியோடு ஊர் திரும்பியவர், வாசலில் ஷூவைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார். ஹைதராபாத்தில் கச்சிபௌலி, கொண்டாபூர், நல்லகண்ட்லா பக்கம் எந்த அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஏறினாலும் இவரைப் பார்க்கலாம். இவர் மனைவிக்கு ஒத்துக்காதவை: காரம், தூசி, ஹார்ன் சத்தம், கொசு, காபியில் சிக்கரி, ஜன்னல் திறந்த ஆட்டோ, சம்மணம் போட்டு உட்காருவது, முன்கூட்டியே சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்கள், மே மாதம். இத்தனை ஒத்துக்காமையையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்தால், அவள் சமையலறையில் என் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் பத்மாராவ் நகரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தி என்றால் சும்மாவா? தனியாகக் காரமில்லாத ஒரு கூட்டு, மிளகாய் கிள்ளாத பருப்பு, மிளகு தட்டாத ரசம் எல்லாம் அவளுக்காகப் பண்ணினேன். அவள் அதன் பக்கமே திரும்பவில்லை. சுடுசாதத்தில் ஆவக்காயைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, மணிக்கட்டு வரை சிவக்கப் பிசைந்தாள். மாங்காய்த் துண்டில் ஒட்டியிருக்கும் ஓட்டைக் கடவாய்ப் பல்லுக்குக் கொடுத்துச் சப்பி, சப்பி முடித்ததைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். எண்ணினேன். ஐந்து. எதிரே இவர் காரமில்லாத கூட்டை இரண்டு தரம் போட்டுக்கொண்டு, நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு, அவளைக் காட்டி, "பாவம் சித்தி, ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிறா" என்றார்.

மூக்கு சிவந்திருந்தது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டாம்.

கல்யாணப் பந்தியிலும் இதே கதை. "ஒரு ஸ்பூன் கிடைக்குமா? அவளுக்குக் கையால சாப்பிட்டுப் பழக்கமில்ல" என்று பரிமாறுகிறவரை விரட்டுவார். ஸ்பூன் வரும். அவள் இலையில் விட்ட பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கி வழித்துக்கொண்டிருப்பாள். வந்த ஸ்பூன் வீணாகக் கூடாதே என்று இவர் எடுத்துக்கொள்வார். ஸ்டுட்கார்ட்டில் பதினோரு வருஷம் இருந்தவனுக்கு விரல் மறந்துபோகுமா? பிறந்தது சிகந்தராபாத்தில்தானே? முதல் பிடி சோறு ஊட்டினது நான்.

சரி, 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவன் என் அக்கா பிள்ளை. இனி அவன்தான்.

தண்ணீர் விஷயம். கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்று ஹைதராபாத்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். 1908-இல் மூசி ஆறு ஊரை அடித்துக்கொண்டு போன பிறகு நிஜாம் அரசு கட்டிய ஏரி அது. 1920-இல் கட்டி முடித்து உஸ்மான் சாகர் என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கு நம் குழாயில் வருவது பெரும்பாலும் கிருஷ்ணாவும் கோதாவரியும்தான், ஆனாலும் பெருமை என்னவோ கண்டிப்பேட்டைக்குத்தான். இவன் வளர்ந்தது அந்தத் தண்ணீரில்தான், ஆனாலும் போனான். இப்போது காரின் பின் சீட்டில் எப்போதும் ஒரு பெட்டி பாட்டில் தண்ணீர். "அவளுக்கு வயிறு ஒத்துக்காது." வந்த முதல் வாரமே அவள் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தல் பானையில் மொண்டு குடித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் தண்ணீர் குடித்த இவனுக்கு மூன்று நாள் எலக்ட்ரால்.

ஆஷாட மாதத்தில் இங்கே போனாலு திருவிழா. சிகந்தராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயில் பக்கம் தப்பட்டை அடித்தால் தரையே அதிரும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அவளுக்குத் தலைவலி வரும், சீக்கிரம் கிளம்பணும் என்று இவன் காரை எடுக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால், உடம்பெல்லாம் மஞ்சள் பூசிய போத்தராஜு ஆடிக்கொண்டு போகிற ஊர்வலத்தில் அவள் பாதித் தெரு தாண்டியிருந்தாள்.

அவள் ஜெர்மன்காரியாம், நிமிஷக் கணக்காம். இவன்தான் அப்படிச் சொல்வான். "சொன்ன நேரத்துக்கு வரலன்னா அவளுக்கு டென்ஷன் ஆயிடும் சித்தி." தண்ணீர் ஃபில்டர் மெக்கானிக்கை நிற்க வைத்து, கார்ட்ரிட்ஜை என்றைக்கு மாற்றினாய், தேதி சொல், மணி சொல் என்று விசாரணை கமிஷன் நடத்தினான். அந்த ஆள் ஒரே பதிலைச் சொன்னார்: "பர்சோச் டாலா சாப்." அகராதியில் பர்சோ என்றால் முந்தாநாள். ஹைதராபாத்தில் அது முந்தாநாளில் தொடங்கி நிஜாம் ஆட்சி வரைக்கும் எந்த நாளாகவும் இருக்கலாம். இங்கே பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். இவன் கேலண்டரைப் பார்த்து, முந்தாநாள் நீ வரவேயில்லையே என்று சண்டைக்குப் போனான். அவள்தான் உள்ளேயிருந்து வந்து, "ஏவண்டி, போன மார்ச்சைச் சொல்றார்" என்றாள். 'ஏவண்டி' என்றால் தெலுங்கில் 'என்னங்க', வேலைக்கு வருகிற லட்சுமியம்மா சொல்லிக்கொடுத்தது. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'வும் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'வும் ஆட்டோக்காரர்கள் உபயம்.

வெளிநாட்டு மருமகள் இந்த ஊருக்குப் புதுசில்லை. 1931-இல் நிஜாமின் மூத்த மகன்கள் இருவருக்கும் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் கல்யாணம் நடந்தது. மூத்தவருக்குக் கடைசிக் கலீஃபாவின் மகள் துர்ருஷேவார், இளையவருக்கு அதே துருக்கிய வம்சத்து நிலோஃபர். ரெட் ஹில்ஸில் நிலோஃபர் ஆஸ்பத்திரி இருக்கிறது, பழைய நகரத்தில் துர்ருஷேவார் பேரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. நிலோஃபரின் வீட்டுக்காரர் மொஸம் ஜா பேரில் மார்க்கெட் இருக்கிறது. அங்கே பழ ஐஸ்க்ரீம் நன்றாக இருக்கும். நிஜாமின் பேரன் முகர்ரம் ஜாவும் துருக்கிப் பெண் எஸ்ராவைத்தான் கட்டிக்கொண்டார். பாழாய்க் கிடந்த சௌமஹல்லா அரண்மனை இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றால் அது அந்த அம்மாள் எடுத்துச் செய்த வேலை. இதையெல்லாம் இவனிடம் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் ஸ்டாஃப் இருந்தாங்க சித்தி" என்றான்.

சில்கூர் பாலாஜி கோயிலுக்கும் போனோம். விசா பாலாஜி என்றால் நாடே அறியும். உண்டியல் கிடையாது, வேண்டும்போது 11 சுற்று, காரியம் ஆனால் 108. இவன் ஜெர்மனி போக விசா வந்ததும் 108 சுற்றினான். எண் அட்டையில் பேனாவால் டிக் அடித்துக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன். இப்போது அவளுடைய ஓசிஐ அட்டைக்காக 11. போகிறவர்களுக்கான சாமி வருகிறவர்களையும் கவனிப்பாரா என்று எனக்குச் சந்தேகம், இருந்தாலும் போனோம். அவள் வெறுங்காலோடு கூட்டத்தில் இடிபட்டுச் சுற்றினாள். இவன் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான். வெயில் அவளுக்கு ஒத்துக்காது, வந்தவுடன் கார் ஜில்லென்று இருக்க வேண்டுமாம்.

இத்தனை சொல்கிறவன், நிஜமாகவே அவளுக்கு ஒத்துக்காத ஒன்றை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. ஜெர்மனியில் அவள் எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. மனைவி என்பதற்காகத் தருகிற எக்ஸ் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நேராகப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. ஓசிஐ வந்தால் சேரலாம். அதற்கு விண்ணப்பிக்கவே, பதிவான கல்யாணத்துக்கு முழுசாக இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இவர்கள் தாலி கட்டின ஆறாம் மாதமே விமானம் ஏறிவிட்டார்கள், ஏனென்றால் கம்பெனி இவனைச் சேரச் சொன்ன தேதி அது. அவள் யாருக்காகவும் தேதி பார்க்கவில்லை, கிளம்பி வந்தாள். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை பதினான்காவது மாடியில் என்ன செய்வாள் என்று அவன் யோசித்தானா? எனக்குக் கோபம் வருகிறது. வாட்ச்மேன் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். பியானோ அவள் அம்மா வீட்டுக் கூடத்தில் மூடிக் கிடக்கிறது. கப்பலில் போட்டு வரவழைத்தால் என்னடா என்று கேட்டேன்.

"இந்த ஊர்த் தூசி அதுக்கு ஒத்துக்காது சித்தி."

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சாப்பிட்டுக் கை கழுவினபின் அவன் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டான். நானும் அவளும் சமையலறையில். அவள் எடுத்துப்போக ஆவக்காயைச் சின்ன பாட்டிலில் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது பியானோ வாசித்தாய் என்று கேட்டேன்.

"பர்சோ" என்றாள், பாட்டில் விளிம்பில் வழிந்த எண்ணெயை விரலால் துடைத்துக்கொண்டே.