கடல் இடப்பக்கம்

எங்கள் வீட்டில் பயணத் திட்டம் போடுகிற அதிகாரம் எனக்கு. அதைத் திருத்துகிற அதிகாரம் மற்ற எல்லோருக்கும். மே மாத விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் காரிலேயே போகிறோம் என்று நான் அறிவித்தபோது, மனைவி கேட்ட ஒரே கேள்வி: "யாரு ஓட்டறது?"

நான்தான் என்றேன்.

அத்தை உடனே, "நான் பஸ்ல வந்துடறேன் மாப்பிள்ளை. ஏ.சி. காருன்னா எனக்கு வயித்தைப் புரட்டும்" என்றார். எங்கள் காரில் ஏ.சி. வேலை செய்து இரண்டு வருஷமாகிறது. அது அவருக்கும் தெரியும். பெரியவர்களின் நாகரிகம் அது.

விடியற்காலை நாலரைக்குப் புறப்பாடு, கோவளத்தில் சூரியோதயம் என்று தாளில் எழுதி குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். புளியோதரை ஆறவேண்டும், பையன் எழவேண்டும், எரிவாயு உருளையை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கவேண்டும். திருவான்மியூரைத் தாண்டும்போது மணி எட்டே கால். சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்தச் சாலைக்குப் பெயர் வைத்தவர் நல்ல கற்பனைக்காரர். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கூடவே வங்காள விரிகுடாவும் வருகிறது என்று வரைபடம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ மதில்கள். ஓய்வு விடுதி மதில், பண்ணை வீட்டு மதில், மனை விற்பனைக்கு என்று எழுதிய மதில். மதில் ஓய்ந்த இடத்தில் சவுக்குத் தோப்பு.

"அப்பா, கடல் எங்க?"

"இடது பக்கம்டா."

"தெரியலையே?"

"இருக்கு. நம்பு."

இன்னொரு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்க் கார்களில் ஓட்டுபவன் இருக்கை வலப்பக்கம். தெற்கே போகையில் கடல் இடப்பக்கம். ஆக, அந்த வண்டியிலேயே கடலுக்கு அதிகத் தூரத்தில் இருந்தவன் பெட்ரோலுக்குக் காசு கொடுத்தவன்தான்.

முட்டுக்காட்டுப் பாலத்தில் மட்டும் சட்டென்று இருபுறமும் தண்ணீர் விரிந்தது. எல்லோரும் "ஆகா" என்றார்கள். நானும் "ஆகா" சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வந்த லாரி ஒலிப்பான் அடித்ததில் பாலம் முடிந்துவிட்டது. படகுத்துறையில் நிறுத்தலாமா என்று மனைவி கேட்டாள். "வரும்போது பார்த்துக்கலாம்" என்றேன். கோவளமும் அப்படியே. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய சுத்தமான கடற்கரை. ஆனால் சூரியோதயம் போன பிறகு அங்கே என்ன வேலை? வரும்போது பார்த்துக்கலாம்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பையன் பிடிவாதத்தால் இறங்கினோம். 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. நம் சதுப்பு முதலைகள் அழிந்துவிடாமல் காப்பாற்றுவதற்காக ஆரம்பித்தார். இன்று எங்கு பார்த்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வாயைப் பிளந்தபடி அசையாமல் இருந்த ஒன்றைக் காட்டி, "இது பொம்மையா?" என்றான் பையன். சூடு தணிக்கத்தான் அப்படி வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்கப்பா சோபாவுல படுத்திருக்கறது மாதிரி" என்று மனைவி அதை மேலும் தெளிவாக்கினாள். பையனுக்கு உடனே புரிந்தது.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில், இதோ உருண்டுவிடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே நூற்றாண்டுகளாக நிற்கிறது. எடை சுமார் 250 டன் என்கிறார்கள். 1908-ல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் லாலி, விழுந்துவிடப்போகிறதே என்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம், அசையவில்லையாம். அங்கே வருகிற ஒவ்வொரு ஆண்மகனும் அதன் கீழே நின்று கைகளால் தாங்குவதுபோல் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான். நானும் நின்றேன். வெயிலில் பாறை தோசைக்கல்லாக இருந்தது. படத்தில் நான் பாறையைத் தாங்குவதாகத் தெரியவில்லை. பாறை என்னைச் சுட்டு விரட்டுவதாகத் தெரிகிறது.

கல்பாக்கம் தாண்டியதும் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மாமா எழுந்துகொண்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "மாப்பிள்ளை, இது இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடின நத்தத்தனார் இந்த நாட்டு நல்லூர்க்காரர்" என்று தொடங்கினார். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பெறாத பாணனுக்கு எதிர்ப்பட்டு, எந்த வழியாகப் போனால் யார் என்ன கொடுப்பார்கள் என்று சொல்லும் நூல். 269 அடியில் வழி, ஊர், சாப்பாடு எல்லாம் அடக்கம். வள்ளல் நல்லியக்கோடனிடம் போகிற அந்த வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அது இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் கருத்து. "அங்க பரதவர் வீட்டுல சுட்ட மீனும், நுளைமகள் வடிச்ச தேறலும்..."

"அப்பா, பையன் இருக்கான்" என்றாள் மனைவி.

மாமா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பரிசு பெற்றவன்தான் வழி சொல்லலாம் என்பது ஆற்றுப்படை இலக்கணம். எதையும் பெறாமலே வழி சொல்கிறவன் நான். அதன் பலன் அடுத்த அரைமணியில் தெரிந்தது.

கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிச்சமிருந்த சுவரை 2004 சுனாமியும் ஒரு கை பார்த்தது. இடிந்த சுவர், அப்பால் கழிமுகம், மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். இந்தச் சாலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அதனால்தான் காரை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று தோன்றியது.

முன்சக்கரம் மணலில் இறங்கியது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்னும் இறங்கியது. வீரமாக மிதித்தேன். வண்டி தன் வயிற்றை மணலில் வைத்து உட்கார்ந்துகொண்டது.

வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர், நான் முழுசாகத் தோற்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு எழுந்து வந்தார்கள். "மிதிக்காத சார். மிதிச்சா கெணறுதான் வெட்டும்" என்றார் பெரியவர். டயர்களில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். ஒரு பையன் தென்னை மட்டைகளை இழுத்துவந்து சக்கரத்தின் கீழே கொடுத்தான். சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, ரிவர்ஸில் மெல்ல விடச் சொன்னார்கள். என்னை இல்லை, என் மனைவியை. "நீங்க இந்தப் பக்கம் வந்து தள்ளுங்க சார்." ஒரே மூச்சு. வண்டி வெளியே வந்துவிட்டது.

ஏழு யானை, ஐந்து மீனவர் என்று மாமா ஏதோ கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்காததுபோல் பணத்தை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. "லீவு விட்டா வாரத்துக்கு ரெண்டு கார் வரும் சார்" என்றார். மீதிப் புளியோதரையை வாங்கிக்கொண்டார்கள்.

காற்று இறங்கிய டயரோடு வேகமாகப் போகமுடியாது. மரக்காணத்தில் காற்றடிக்கும்வரை முப்பதில் உருட்டினோம். ஓட்டியது மனைவி, நான் இடப்பக்க இருக்கையில். அப்போதுதான் உப்பளம் வந்தது. கண்ணுக்கு எட்டும்வரை வரப்பு கட்டிய பாத்திகள். முதல் பாத்தியில் உப்பங்கழி நீர் பச்சையும் பழுப்புமாக. அடுத்ததில் தடித்து, கண்ணாடிபோல் அசையாமல். கடைசியில் வெயில் குடித்த மிச்சம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தில் ஆளுயரக் குவியல்கள். ஒருவர் நீண்ட கழியில் கோத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேலே வெண்மையாகக் கோடுபோட்டு உப்பு காய்ந்திருந்தது. பாறையில் கைவைக்கப் பொறுக்காதவன் நான். அதே வெயில்தான் அது. பையன் அவரைக் கேட்டு ஒரு கல்லை எடுத்து நக்கிப் பார்த்தான்.

"இதுவும் கடலாப்பா?"

"ஆமாம். காயப்போட்டது."

புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது ஆறரை. மாலை 6 மணிக்கு மேல் அங்கே கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். எங்கோ நிறுத்திவிட்டு, மணல் கொட்டும் சட்டையோடு நடந்தோம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் அத்தை சுண்டல் தின்றுகொண்டிருந்தார். பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டாராம். மணக்குள விநாயகரையும் பார்த்துவிட்டாராம்.

"வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கிட்டே வந்தேன் மாப்பிள்ளை. பஸ்ஸு உசரமா இருக்கா, மதிலுக்கு மேல நீலமா கோடு போட்ட மாதிரி தெரியுது."

மறுநாள் திரும்பும்போது கடல் வலப்பக்கம், என் பக்கம். ஆனால் கிளம்பும்போதே இருட்டிவிட்டது. கோவளம், முட்டுக்காடு எல்லாம் வந்தன, போயின. பையன் அத்தையோடு பஸ்ஸில் போய்விட்டான்.

வாசகர்களுக்கு ஒன்று. புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழிப் பேருந்தில் திருவான்மியூரிலேயே ஏறிக்கொள்ளலாம். இடப்பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள்.