முறுக்கவா, சாய்க்கவா?

கே: மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் ஜெயிக்க நேர்ப்பாதை வேகம் முக்கியமா, வளைவு வேகம் முக்கியமா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (ஈரோடு)

ப: பிரேக். அவசரமில்லை என்றால் மற்ற பதில்களையும் படியுங்கள்.

கே: யார் வண்டி அதிக வேகம் போகிறதோ அவர்தானே ஜெயிப்பார்? இதில் என்ன குழப்பம்? (திருப்பூர்)

ப: 2023-இல் இத்தாலியின் முஜெல்லோவில் நடந்த ஸ்பிரின்ட் என்ற குறும் பந்தயத்தில், கேடிஎம் ஓட்டிய பிராட் பின்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டார். மோட்டோஜிபியில் அதுவரை யாரும் போகாத வேகம். அதே பந்தயத்தில் ஜெயித்தவர் டுகாட்டியின் பன்யாயா. பின்டர் முதல் மூன்று இடத்தில்கூட இல்லை.

கே: நம்ப முடியவில்லை. கணக்குப் போட்டுக் காட்டவும். (காரைக்குடி)

ப: காரைக்குடிக்காரர் கணக்கு கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? 500 மீட்டர் நேர்ப்பாதையை மணிக்கு 300 கிலோமீட்டரில் கடக்க 6 விநாடி. 305-இல் போனால் 5.9. மிச்சம் 0.1 விநாடி. இப்போது 100 மீட்டர் நீள வளைவு ஒன்று. 90-இல் போனால் 4 விநாடி. 95-இல் போனால் 3.79. மிச்சம் 0.2 விநாடிக்கும் மேல். கூட்டியது அதே 5 கிலோமீட்டர்தான். மெதுவான இடத்தில் கூட்டினால் லாபம் இரட்டிப்பு. ஒரு லேப்பில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வளைவுகள்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 350-இலிருந்து 360-க்குப் போக ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அந்த வேகமும் சில விநாடிதான். அடுத்த வளைவு வந்ததும் மொத்தத்தையும் பிரேக்கில் கொட்டிவிட வேண்டும்.

கே: அப்படியென்றால் வளைவில் கெட்டிக்காரனான யமஹா, டுகாட்டியிடம் வருஷக்கணக்கில் உதை வாங்கியது ஏன்? (மதுரை)

ப: மதுரைக்காரர் சரியான இடத்தில் அடித்துவிட்டார். லேப் நேரம் வேறு, பந்தயம் வேறு. யமஹாவின் நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜின் வண்டி, வளைவை அகலமாக, வட்டமாக, வேகத்தை விடாமல் எடுக்கும். அதற்குப் பாதை காலியாக இருக்க வேண்டும். டுகாட்டியின் வி4 (வி வடிவ நான்கு சிலிண்டர்) வண்டி நேர்ப்பாதையில் முந்தும். வளைவுக்குள் ஆழமாகப் போய் பிரேக் அடிக்கும். நடு வளைவில் கிட்டத்தட்ட நின்று திரும்பும். வண்டியை நிமிர்த்தி மறுபடி முறுக்கிக்கொண்டு பறக்கும். பின்னால் வரும் யமஹாக்காரர் என்ன செய்வார்? அவருடைய அழகான வட்டத்தின் நடுவில் டுகாட்டி குந்தியிருக்கிறது. அவரும் மெதுவாக வேண்டும். மெதுவாகிவிட்டால் அவர் கையில் மிஞ்சுவது சக்தி குறைந்த இன்ஜின் மட்டுமே.

தனியாக ஓடினால் ராஜா, கூட்டத்தில் மாட்டினால் கைதி. ஆனாலும் 2020-இல் சுஸுகியின் ஜோன் மிர், 2021-இல் யமஹாவின் குவார்தராரோ, இருவரும் வரிசை இன்ஜினிலேயே உலகப் பட்டம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது சோகக் கதை. 2022 முடிவில் சுஸுகி மூட்டை கட்டியது. யமஹாவும் 2026-க்கு வி4 பக்கம் வந்துவிட்டது.

கே: 2007-இல் ஸ்டோனர் உலகப் பட்டம் ஜெயித்தது டுகாட்டி இன்ஜினால்தான் என்கிறான் என் மைத்துனன். (தஞ்சாவூர்)

ப: கத்தார் நேர்ப்பாதையில் ரோசியின் யமஹாவை அந்த டுகாட்டி விழுங்கியதைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதே அணியில், அதே டுகாட்டியில் இருந்த கபிரோசிக்கு அந்த ஆண்டு கிடைத்தது ஒரே ஒரு வெற்றி, ஸ்டோனருக்குப் பத்து. பிறகு ரோசியே 2011, 2012 இரண்டு ஆண்டும் டுகாட்டி ஓட்டினார். வெற்றி பூஜ்யம். மைத்துனரிடம் பதமாகச் சொல்லுங்கள், உறவு முக்கியம்.

கே: இந்த இன்ஜின்-வளைவுச் சண்டை எப்போது ஆரம்பித்தது? (பாளையங்கோட்டை)

ப: உலகப் பட்டம் தொடங்கிய கையோடு. 1950-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் புதுச் சட்டகம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெல்ஃபாஸ்டின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்களின் கைவேலை. வளைவில் அசையாது. அந்த ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஜெஃப் டியூக், இத்தாலியின் நான்கு சிலிண்டர் ஜிலேராக்களை 1951-இல் தோற்கடித்து 500சிசி பட்டம் வென்றார். அப்புறம்? 1953-இல் அவரே ஜிலேரா வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். தொடர்ந்து மூன்று பட்டம்! வளைவு தெரிந்தவன் கையில் குதிரைசக்தியும் கிடைத்தால் அவ்வளவுதான்.

எதிர்க் கதையும் உண்டு. மோட்டோ குஸ்ஸி 1955-இல் எட்டு சிலிண்டர் 500சிசி வண்டி கட்டியது. மணிக்கு சுமார் 275 கிலோமீட்டர்! உலகப் பட்டப் பந்தயம் ஒன்றில்கூட அது ஜெயிக்கவில்லை.

கே: நேர்ப்பாதை வேகம் செல்லாத சர்க்யூட் உண்டா? (நாகர்கோவில்)

ப: ஜெர்மனியின் சாக்சன்ரிங். 3.67 கிலோமீட்டரில் 13 வளைவு, அதில் 10 இடது பக்கம். 2010 முதல் 2021 வரை அங்கே ஓடிய பதினொரு முறையும், எந்தப் பிரிவில் ஓடினாலும், ஜெயித்தவர் மார்க் மார்க்கெஸ். 2020-இல் வலது கை முறிந்தவருக்கு, திரும்பி வந்தபின் முதல் வெற்றியும் அங்கேதான்.

கே: எவ்வளவு சாய்கிறார்கள்? (வேலூர்)

ப: 60 டிகிரிக்கு மேல். 45 டிகிரியில் டயர் தாங்கும் பக்கவாட்டு விசை, வண்டி எடைக்குச் சமம். 60-இல் அது 1.7 மடங்கு. முழங்கையும் தரையில் உரசும்.

கே: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் நானும் முட்டி தேய்த்துப் பழகலாமா? (நாமக்கல்)

ப: சாக்சன்ரிங்கில் எதிரே முட்டை லாரி வராது தம்பி.