எட்டுக் கதிரை அண்ணை

ரொறன்ரோவின் பெரிய தளபாடக் கடை ஏதாவதொன்றுக்குள் சனிக்கிழமை பின்னேரம் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு மேசைகள் கிடக்கும் பக்கத்தில் ஒருவர் தனியாக நிற்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. இடுப்பில் அளவுநாடா, கையில் தொலைபேசி. மேசையை இரண்டு தரம் சுற்றிவந்து, முழங்காலில் நின்று, தொலைபேசியை மேசைக்கு அடியில் நீட்டிப் பிடிப்பார். மேசையின் அடிவயிற்றை அம்மாவுக்குக் காட்டுகிறார். அம்மா மார்க்கம் நகரத்தில், தங்கச்சி வீட்டில். திரையில் அவருடைய நெற்றியும் விபூதியும் மட்டும் தெரியும்.

"தட்டிப் பார் மோனை."

தட்டுவார்.

"சத்தம் சரியில்லை. அது மரமில்லை, மரத்தூள்."

விற்பனைப் பெண் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பாள். அண்ணை பொய் சொல்லப் பழகாதவர். ஒருவர்தான் என்பார். அடுத்த மூச்சில் எட்டுக் கதிரையோடு மேசை வேண்டும் என்பார். பெண் வேலைக்குப் புதிதென்றால் இவரை மேலும் கீழும் பார்ப்பாள். ஸ்காபரோப் பக்கம் இரண்டு வருடம் வேலை செய்தவள் என்றால் ஒன்றும் பேசாமல் எட்டுக் கதிரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போவாள்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி கனடாவின் வீடுகளில் 29.3 வீதமானவை ஒரேயொருவர் வாழும் வீடுகள். 1951இல் இது 7.4 வீதம். எழுபது வருடம் பாடுபட்டு இந்த நாட்டுச் சனம் தனியாக இருக்கப் பழகியிருக்கிறது. எங்கள் அண்ணையும் அந்த 29.3க்குள்தான் அடக்கம். கணக்கில் மட்டும்.

அண்ணையை விளங்கிக்கொள்ள அவர் வந்து இறங்கிய இடத்திலிருந்து தொடங்கவேண்டும். 1990இல் அவர் வந்து சேர்ந்தது வெலஸ்லி வீதியில், சென் ஜேம்ஸ் ரவுனில். பத்தொன்பது கோபுரங்கள். பலவற்றுக்குக் கனடிய நகரங்களின் பெயர். 1960களில் அவற்றைக் கட்டியவர்கள் மனதில் வைத்திருந்தது நடுத்தர வர்க்கத்து இளம் தனியாட்களை. அவர்கள் போட்ட திட்டம் பிழைக்கவில்லை; இளம் தனியாட்கள்தான் வந்தார்கள். ஒரு படுக்கையறைக்கு ஒன்பது பேராக வருவார்கள் என்பதை மட்டும் கட்டிடக் கலைஞர் யோசிக்கவில்லை. வெளிப்பலகையில் நகரத்தின் பெயர் எழுதியிருந்தது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

அந்த வீட்டின் தளபாடக் கணக்கு சின்னது. தெருவோரத்தில் எடுத்த மெத்தை மூன்று, பால் பெட்டி ஆறு. பிளாஸ்டிக் பால் பெட்டியைக் கவிழ்த்தால் கதிரை, நிமிர்த்தினால் அலுமாரி, இரண்டை அடுக்கினால் மேசை. இரவு வேலைக்காரர் வந்து படுக்கும்போது பகல் வேலைக்காரர் எழும்பிவிடவேண்டும். மெத்தை ஒருநாளும் ஆறாது. அண்ணைக்குப் பகல் மெத்தை. இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. ஏஜென்சிக் காசு, மூத்த தங்கச்சியின் சீதனம், நடுத் தங்கச்சியை லண்டனுக்கு அனுப்பியது, கடைசித் தங்கச்சியைப் பாரிஸில் கட்டிக்கொடுத்தது, அம்மாவின் ஸ்பொன்சர். எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அண்ணை மூத்த தங்கச்சி வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். பத்தொன்பது வருடம் இருந்தார். அங்கே யன்னலும் உண்டு. கோடையில் புல்லின் அடியும் மாரியில் பனியும் தெரியும். அவருக்கு 1998 முதல் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால் அவரைத் தனிக்கட்டை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மருமகள் பல்கலைக்கழகம் போகும் வயதுக்கு வந்து பேஸ்மென்ட் அவளுக்குத் தேவைப்பட்டபோதுதான் அண்ணைக்குச் சொந்த வீடு என்ற யோசனை வந்தது. வந்தது என்ன, வரவழைக்கப்பட்டது.

ரொறன்ரோ வீட்டுத் தரகர் பாஷையில் 'பச்சிலர்' என்பது ஆளல்ல, வீடு. கட்டில், குசினி, விருந்தினர் இருக்கும் இடம் எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கியது. தரகர் தூரத்து மச்சான் முறை. எங்கள் ஆட்களில் வீட்டுத் தரகர் இல்லாத குடும்பம் இருந்தால் எனக்கு அறிவிக்கவும். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "அண்ணை, உங்களுக்கு ஒரு பச்சிலர் காணும்."

அம்மா தொலைபேசியைப் பறித்தார். "அவன் பச்சிலராய் இருந்தது காணும்."

ஆகவே 'வன் பிளஸ் வன்'. ஒரு படுக்கையறை, அதற்குமேல் 'டென்' என்று ஒன்று. பதினாறாம் மாடி, 565 சதுர அடி. டென் என்றால் கதவும் யன்னலும் இல்லாத ஒரு மூலை. அதை அறை என்று சொன்னால் சட்டப் பிரச்சினை வரும், மூலை என்று சொன்னால் விலை குறையும், அதனால் டென். ஒப்பந்தம் எழுதும் நாளில் இன்னொரு கணக்கு வந்தது. காணி கைமாறும் வரியை மாகாணத்துக்கு ஒருமுறை கட்டவேண்டும். ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரத்துக்கும் இன்னொருமுறை, 2008இலிருந்து. அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "பதினாறாம் மாடியிலை என்ன காணி? கிணறும் இருக்கோ?"

வீடு பழையது. திருத்தவேண்டும். உடனே வட்ஸப்பில் ஒரு குழு தொடங்கப்பட்டது. மூன்று தங்கச்சிமார், இரண்டு மச்சான்மார், அம்மா, ஒரு பெரியம்மா. வீட்டுக்காரரை மூன்றாம் நாள்தான் சேர்த்தார்கள்.

லண்டன் தங்கச்சி குசினிக்கு நடுவில் தீவு மேசை வேண்டும் என்றார். பாரிஸ் தங்கச்சி சாம்பல் நிறச் சுவர் கேட்டார். அம்மா சாம்பல் நிறத்தைச் செத்தவீட்டுச் சாம்பலோடு ஒப்பிட்டுக் குரல் பதிவு அனுப்பினார். மூத்த தங்கச்சிக்கு ஆட்டிறைச்சிச் சட்டி முழுதாக அமிழும் தொட்டி வேண்டும். அண்ணை வீட்டில் சமைப்பது கிழமைக்கு ஒரு முட்டைப் பொரியல். மிச்சமெல்லாம் மார்க்கத்திலிருந்து ஐஸ்கிறீம் டப்பாக்களில் வரும். ஆனாலும் விவாதம் முழுக்க இருபத்தைந்து பேருக்குச் சமைப்பதைப் பற்றித்தான் நடந்தது.

அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கியிடம்தான் எல்லாரும் தோற்றார்கள். இந்தக் கட்டிடத்தில் இருப்பது, பல கொண்டோ அடுக்குமாடிகளில் போலவே, வெளியே குழாய் போகாத வகை. பொரிக்கும் மணத்தை உறிஞ்சி, கரி வடியில் வடித்து, அதே குசினிக்குள் திருப்பிவிடும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில் இவ்வளவு நாணயத்தை நான் எங்கள் சீட்டுக்காரர்களிடம்கூடக் கண்டதில்லை.

இதற்கிடையில் அண்ணை ஒரேயொரு விருப்பம் சொன்னார். ஊரில் விறாந்தையில் ஐயா சாய்ந்திருந்தது போல ஒரு சாய்மனைக் கதிரை, பால்கனி யன்னலுக்குப் பக்கத்தில். குழுவில் அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. "பிறகு பாப்பம் அண்ணா" என்று ஒரு பதிலும் வந்தது.

வேலைக்கு வந்த தம்பி இலவசத் தமிழ்க் கையேட்டில் பிடித்த ஆள். அவருடைய பெயரட்டையில் வீடு திருத்தம், கலியாண வீடியோ, விமான நிலையச் சவாரி மூன்றும் இருந்தன. சுவரை ஒருதரம் தட்டிவிட்டு முதல் கேள்வி கேட்டார்: "அண்ணை, காசோ ரசீதோ?" ரசீதென்றால் 13 வீத வரி சேரும். காசென்றால் சேராது, தம்பியைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது. அண்ணை ரசீது என்றார். கொண்டோ அலுவலகம் அதற்கு மேலால் கேட்டது: தம்பிக்கு இரண்டு மில்லியன் டொலர் காப்புறுதி, உரிமம் உள்ள மின்வேலைக்காரர், கார்ப்பெட்டைக் கழற்றிப் பலகை போட்டால் கீழ்வீட்டாருக்குக் காலடிச் சத்தம் கேட்காமலிருக்க அடியில் விரிக்கும் படலத்தின் விபரம். தம்பி தாளை இருமுறை படித்தார். "இவ்வளவு காப்புறுதி இருந்தா நான் ஏன் அண்ணை ரைல்ஸ் ஒட்டுறன்?"

நேரம் அடுத்த வில்லங்கம். மாநகரத்தின் சத்தச் சட்டப்படி கிழமை நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரைதான் இடிக்கலாம், தட்டலாம். ஞாயிறும் அரச விடுமுறையும் முழுத் தடை. சனிக்கிழமை 9 மணிக்குத்தான் தொடங்கலாம். தம்பிக்குக் கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. ஆக மிச்சம் சனிக்கிழமை. சனிக்கிழமை ராகுகாலம் எத்தனை மணிக்கு? 9 முதல் 10.30 வரை. மாநகரம் கதவைத் திறக்கும் அதே நிமிடத்தில் ராகு வந்து உள்ளே இருந்துவிடுகிறார். அம்மா விடவில்லை. தம்பி பத்தரைக்கு உளி எடுப்பார், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு யாரோ ஒருவரின் கலியாண வீடியோ. ஆறு கிழமை வேலை ஏழு மாதம் போனது.

(தனியாக வீடு வாங்கித் திருத்தும் எங்கள் பெண்களைப் பற்றியும் எழுதலாமே என்று கேட்பீர்கள். அவர்களுடைய வட்ஸப் குழுவில் பேசப்படுவது சுவர் நிறமல்ல. அது வேறு கட்டுரை. எனக்கு மார்க்கத்தில் சொந்தக்காரர் அதிகம்.)

மேசை வந்த நாளில் நானும் நின்றேன். சாமான் லிப்டை மூன்று மணித்தியாலத்துக்குப் பதிவுசெய்து முற்பணமும் கட்டியாயிற்று. மேசைப் பலகை நிமிர்த்தி வைத்தும் நாலு விரல் மீறியது. பதினாறு மாடியும் படியால் ஏற்றினோம். அன்று எனக்கு அண்ணையின் குடும்பத்தில் யார் யார் எந்தக் கதிரைக்கு உரியவர் என்பதெல்லாம் பாடமாகிவிட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மூச்சு வாங்க நிற்கும்போது அவர் அதைத்தான் சொன்னார். அம்மாவுக்குச் சுவர்ப்பக்கம், முதுகு பிடிக்கும். லண்டன் தங்கச்சிக்கு யன்னல் பக்கம். எட்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசை போட்டபின் அந்த வீட்டில் நடப்பதற்கு ஒரு ஒற்றையடிப் பாதை மிஞ்சியது.

டென்னைச் சாமியறை ஆக்கினார்கள். மருமகன் ஐக்கியாவிலிருந்து 'பில்லி' அலுமாரி ஒன்றைக் கொண்டுவந்து, பூட்டி நிறுத்தினான். 1979இல் சுவீடனில் புத்தகத்துக்காக வரைந்த அலுமாரி. மேல்தட்டில் நல்லூர்க் கந்தன், நடுவில் பிள்ளையார், அடியில் சூடம். அம்மா தட்டிப் பார்த்தார். மரத்தூள்தான். ஆனால் சாமி ஏறிவிட்டதால் ஒன்றும் சொல்லவில்லை.

குடிபுகுதல் ஒக்டோபரில், விடிய 5.12க்கு. வாசலில் நாற்பது சோடிச் சப்பாத்து. பொதுவழியில் ஒரு செருப்பும் வைக்கக்கூடாது என்பது கட்டிடத்து விதி. ஆகவே அத்தனையும் குளியல் தொட்டிக்குள். ஒன்ராறியோவில் பால் பையில் வரும்; நாலு லீற்றர் வாங்கினால் உள்ளே மூன்று பை. மூன்றையும் வெட்டிப் பானைக்குள் ஊற்றி, புதுக் கண்ணாடி அடுப்பில் வைத்தார்கள். பால் பொங்கவேண்டும், பொங்கி வழியவேண்டும், கிழக்குப் பக்கம் வழிந்தால் விசேஷம். அது எல்லாப் பக்கமும் வழிந்தது. கண்ணாடி அடுப்பு நிற்பாட்டினாலும் உடனே ஆறாது. வழிந்த பால் கருகி, புகை எழும்பி, வீட்டுப் புகைமணி கத்தத் தொடங்கியது.

அதுவரை கதை வீட்டுக்குள்தான். வீட்டுக்குள்ளிருக்கும் மணி வீட்டுக்குள் மட்டும் கத்தும். பெரியம்மாதான், புகை வெளியே போகட்டும் என்று, பொதுவழிக் கதவை அகலத் திறந்தார். பொதுவழியில் இருப்பது முழுக் கட்டிடத்துக்குமான மணி.

இருபத்திரண்டு மாடிச் சனமும் போர்வையோடும் நாயோடும் பூனையோடும் தரிப்பிடத்தில் நின்றது. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. தலைக்கவசம் போட்ட ஆறடி மனிதர் பதினாறாம் மாடிக்கு ஏறிவந்து, குத்துவிளக்கையும் கும்பத்தையும் பட்டுவேட்டி கட்டிய அண்ணையையும் பார்த்து, இங்கே எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒருவர்" என்றார் அண்ணை.

அந்த மனிதர் பின்னால் நின்ற முப்பத்தைந்து பேரையும் நிதானமாகப் பார்த்தார். அம்மா ஒரு வெள்ளிப் பேணியில் மிஞ்சிய பாலை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார் என்றுதான் இன்றைக்கும் அம்மா சொல்கிறார். நான் பார்த்தவரை கையில் வாங்கினார்.

இனிக் கதிரைகளின் கதை. குடிபுகுந்து இரண்டு மாதத்தில் மூத்த தங்கச்சி வீட்டில் பிறந்தநாள். "அண்ணா, உங்கட கதிரை சும்மாதானே கிடக்கு?" இரண்டு போனது. மச்சான் வீட்டில் திவசத்துக்கு இரண்டு. பெரியம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது கைபிடித்து எழும்பத் தோதாக ஒன்று. வேலைக்கு வந்த தம்பியே ஒரு கலியாண மேடைக்கு ஒரு சோடி கேட்டு, வீடியோவில் நல்லாய் வந்திருக்கு என்று அனுப்பினார், வீடியோவை. சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இன்று மார்க்கத்திலிருந்து ஸ்காபரோவின் மோர்னிங்சைட் வரை விரவிக் கிடக்கின்றன. அண்ணை எங்கே போனாலும் தன் கதிரையில்தான் இருக்கிறார்.

வீட்டில் மிஞ்சியது ஒன்று. எட்டுப் பேர் மேசையின் தலைமாட்டில் அதைப் போட்டு, ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன கிழமை மூத்த தங்கச்சி தொலைபேசி எடுத்தார்.

"அண்ணா, அந்த மற்றதும் இருக்கே? இஞ்சை ஒண்டு குறையுது, செட் சேராமல் கிடக்கு."

கொடுத்துவிட்டார். அன்றிரவு எனக்கு அழைத்தார். நின்றுகொண்டு பேசுகிறார் என்று குரலில் தெரிந்தது.

"தம்பி, நான் அந்தச் சாய்மனைக் கதிரை ஒண்டு பாக்கிறன். அது ஒரு செட்டிலையும் சேராதுதானே?"