கோடைக் கொள்முதல் சாத்திரம்

கத்திரி வெயில், அதாவது மே மாதத்தை வாட்டும் அக்கினி நட்சத்திரக் காலம், பெண்களின் ஆடைத் தேர்வறிவைத் தியாகராய நகர்க் கடைகளில் எத்துணை உயர்த்தியுள்ளது என்பது தனி ஆய்வுக்குரியது. பருத்தி இழை காற்றிலிருந்து தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டரோ அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. ஆகவே, வியர்வையைச் சிறிதும் அபகரிக்காமல் உரியவரிடமே விட்டுவைக்கும் பாலியஸ்டர் குர்த்தியை ‘சம்மர் கலெக்‌ஷன்’ எனப் பெயரிட்டு விற்பது நேர்மையின் உச்சம் எனலாம். அதன்மேல் தர்ப்பூசணித் துண்டுகளும் அச்சிடப்பட்டிருப்பதால், அதன் குளிர்ச்சி குறித்து ஐயத்திற்கே இடமில்லை.

அக்குர்த்தியில் பை வைத்துத் தைக்காமை மற்றொரு தொலைநோக்கு. பை இல்லாமையால் கைப்பை தேவைப்படுகிறது. கைப்பையின் நிறத்திற்குச் செருப்பும், செருப்பின் நிறத்திற்கு மீண்டும் ஒரு குர்த்தியும் தேவைப்படுவதால், கொள்முதல் முடிவுறாத அறமாக வளர்கிறது. கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி உச்சந்தலையில் அணியப்படுவது, தலைக்கும் பார்வை உண்டு என்னும் நுண்ணறிவால் ஆகலாம். முடிச்சிட்டுச் சாயமேற்றப்படும் பருத்திச் சேலையான மதுரைச் சுங்குடி, கசங்கும் என்னும் குற்றத்திற்காக முறைப்படி விலக்கப்படுகிறது.

இவ்வளவையும் சுமந்து வீடு திரும்பியோர், கதவை அடைத்தவுடன் அணிவது பழைய பருத்தி நைட்டியையே. புதியவற்றின் விலை குறையும் ஆடித் தள்ளுபடியோ, கத்திரி முடிந்து ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பின்னரே பிறக்கும் ஆடி மாதத்திற்குரியது.