பெரியம்மாவுக்கு ஒரு ஜாம் கடிதம்

கம்போங் ராஜா,
கேமரன் மலை, பகாங், மலேசியா.

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொண்டது. நான், உங்கள் மருமகன், என் மாமியார், கேமரன் மலைக் குளிர் ஆகிய நால்வரும் இங்கே நலம். குளிரையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். வாடகை தராமல் எங்களோடு குடியிருக்கிறது. திங்கட்கிழமை துவைத்துப் போட்ட சேலை வியாழக்கிழமையும் ஈரமாகவே கொடியில் கிடக்கிறது. சன்னலைத் திறந்தால் மூடுபனி "உள்ளே வரலாமா" என்று கூடக் கேட்பதில்லை, நேராக அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

நான் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பதாகப் பெரியப்பா கல்லிடைக்குறிச்சி முழுக்கச் சொல்லி வருகிறாராம். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாய் வழியாக வளைந்து வளைந்து மலையேறி வந்தால் கேமரன் மலையின் வடக்கு வாசல் எங்கள் ஊர். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே கோபுரம், லாரிக்குக் காத்திருக்கும் தக்காளிக் கூடைகளின் அடுக்கு. சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். ராத்திரியானால் மலைச்சரிவில் வரிசை வரிசையாக விளக்கு எரியும். திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வந்திச் செடி சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க அதைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். வெளிநாடு வந்தால் ராத்திரி வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று நீங்கள் சொன்னது செடிக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

அப்புறம் தேயிலை. புளூ வேலித் தோட்டம் இந்தப் பக்கம்தான். உங்கள் மருமகனின் தாத்தா காலத்தில் கங்காணி கூட்டிவர வந்த குடும்பம் இவர்களுடையது. மாமியார் முதுகில் கூடையோடு கொழுந்து எடுத்தவர். ஒரு விஷயம் கேளுங்கள்: இங்கே ரஸ்ஸல் என்கிற வெள்ளைக்காரர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். நம்மூருக்கு மேலே மாஞ்சோலைக் காட்டைச் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததும் அதே 1929தான். அதனால் ஊரிலிருந்து பார்த்த பச்சையைத்தான் இங்கே வந்தும் பார்க்கிறேன். நடுவில் விமான டிக்கெட் செலவு மட்டும் மிச்சம்.

நிற்க. ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஊறுகாய் போடுவதில் தெருவுக்கே வாத்தியாரான நீங்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுவே முதல் தடவை என்பதால், கடிதத்தை உங்கள் மருமகனிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

முதலில் பழத்தின் கதை. நாம் தின்கிற இந்தப் பெரிய ஸ்ட்ராபெரி ஒரு கலப்புக் கல்யாணத்தில் பிறந்தது. ஃபிரேசியே என்ற பிரெஞ்சுக்காரர், சிலி நாட்டில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்க்கப் போனவர், 1714இல் திரும்பும்போது அந்த ஊர் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கப்பலில் கொண்டு வந்தார். குடிதண்ணீருக்கே திண்டாடும் கப்பலில் செடிக்கும் தண்ணீர் ஊற்றி உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால், அத்தனையும் பெண் செடி! பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. பல வருடம் கழித்து, பக்கத்தில் வட அமெரிக்க இனத்தை நட்ட பிறகுதான் மகரந்தம் கிடைத்துக் காய் பிடித்தது. வேவுகாரருக்கு ஜாதகம் பார்க்கத் தெரியவில்லை. உங்களை அனுப்பியிருந்தால் மாப்பிள்ளையையும் சேர்த்தே கப்பலேற்றியிருப்பீர்கள்.

பழம் இங்கே தரையில் விளைவதில்லை. இடுப்பு உயரத்துக்குத் தட்டு கட்டி, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் செடியை வைத்து, சொட்டு சொட்டாக உரத்தண்ணீர் விடுகிறார்கள். பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுலாக்காரர்கள் கையில் கத்தரிக்கோலும் கூடையும் கொடுத்து "நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" என்று உள்ளே விடுவார்கள். வேலையையும் செய்து, காசையும் கொடுத்து, செடியோடு படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் மாமியாருக்கு இது இன்னமும் விளங்கவில்லை. "நாங்கள் பறித்தபோது எங்களுக்கல்லவா கூலி கொடுத்தார்கள்" என்கிறார்.

ஜாமுக்கு அந்தப் பளபளப்புப் பெட்டிப் பழம் வேண்டாம். சின்னது, கோணல், மூக்கு வளைந்தது என்று கழித்துவிட்ட பழத்தை மலிவாகக் கேட்டு வாங்க வேண்டும். அழுகல் மட்டும் கூடாது. பழுத்த பழத்தோடு கால் பங்கு, தோள்பட்டை இன்னும் வெளுப்பாக இருக்கிற செங்காயும் சேர வேண்டும். ஜாமைக் கெட்டியாக்குவது பழத்துக்குள் இருக்கிற பெக்டின் என்ற பசை. ஸ்ட்ராபெரியில் அது இயல்பிலேயே குறைவு. பழுக்கப் பழுக்க இன்னும் குறையும். செங்காய் கைகொடுப்பது அதனால்தான்.

ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சீனி, இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு. பழத்தைக் காம்போடு கழுவி, ஈரம் துடைத்து, பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். முதலில் கிள்ளினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் அதை வற்றவைக்க உங்கள் காஸ் தீரும். சீனியில் பிசிறி ராத்திரி மூடி வைத்தால் காலையில் பழம் தன் சாற்றிலேயே மிதக்கும். பொட்டுத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. சீனியைக் குறைக்கலாமா என்று பெரியப்பாவின் சர்க்கரை நோயை மனதில் வைத்துக் கேட்பீர்கள். ரொம்பக் குறைத்தால் இறுகாது, பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். இந்திய உணவு விதிப்படி ஜாமில் கரைந்திருக்கும் திடப்பொருளே 65 சதவீதம் இருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி சீனி. அதே விதியில் மற்ற ஜாமுக்கெல்லாம் பழம் 45 சதவீதம் கேட்கிறவர்கள், ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் மட்டும் 25 போதும் என்று விட்டிருக்கிறார்கள். நாம் வீட்டில் காய்ச்சுவதில் பாதிக்கு மேல் பழம். அந்தப் பெருமையோடு பெரியப்பாவுக்கு அரை ஸ்பூன் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பாத்திரம் அகலமானதாக, எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. உருளியின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் தெரியும், ஆனாலும் அதை எடுக்காதீர்கள். ஒரே தடவையில் ஐந்து கிலோ போட்டு அண்டாவில் காய்ச்சும் ஆசையும் வேண்டாம். நிறைய போட்டால் வற்ற நேரமாகும். நேரமானால் நிறம் கறுத்து, இருக்கிற கொஞ்சப் பெக்டினும் வீணாகும். சீனி முழுக்கக் கரையும்வரை சிறு தீ. கரைந்த பிறகு எலுமிச்சைச் சாறு ஊற்றி, தீயைத் தூக்கிவிட்டுக் கொதிக்க விட வேண்டும். பொங்கும், தெறிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நுரை அடங்க ஒரு துளி நெய்.

இப்போதுதான் பதம். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது.

உங்கள் மருமகன் ஆன்லைனில் ஒரு வெப்பமானி வாங்கினார். கூடவே வந்த தாளில் "ஜாம் 105 டிகிரியில் தயார்" என்று அச்சடித்திருந்தது. மாமியார் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "இறக்கு" என்றார். இவர், "அம்மா, நூறு டிகிரிதான் ஆகியிருக்கிறது, அறிவியல் என்று ஒன்று இருக்கிறது" என்றார். அடுப்பு எரிந்தது. 105 வந்தது. இறக்கினார். மறுநாள் பாட்டிலுக்குள் ஸ்பூன் நட்டமாக நின்றது. நின்ற ஸ்பூனை வெளியே எடுக்கத்தான் யாராலும் முடியவில்லை. இனிப்பாக இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாளில் எழுதியது பொய்யில்லை. அது கடற்கரைக்காரர்களுக்கு எழுதியது. மலையில் காற்றழுத்தம் குறைவு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறைகிறது. நாங்கள் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். இங்கே தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். அவரவர் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலே நாலரை, ஐந்து டிகிரி ஏறினால் ஜாம் பதம், அவ்வளவுதான் சூத்திரம். எங்களுக்கு அது நூறு. கல்லிடைக்குறிச்சியில் உங்களுக்கு 104, 105. மாமியாரின் கரண்டி இதையெல்லாம் எந்தத் தாளையும் படிக்காமலே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வெப்பமானி காய்ச்சல் பார்க்கக்கூட எடுக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

கரண்டி வைத்தியம் இதுதான். பாகில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். முதலில் சொட்டு சொட்டாக விழும். பதம் நெருங்கினால் ஓரத்தில் இரண்டு சொட்டும் கை கோத்துக்கொண்டு பட்டையாக வழுக்கி விழும். சந்தேகம் தீராவிட்டால், ஐஸ் பெட்டியில் குளிர வைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. சோதிக்கிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு பதம் தாண்டிவிடும். அதிரசப் பாகுக்குத் தண்ணீரில் உருட்டிப் பார்க்கிற உங்களுக்கு இதில் நான் பாடம் எடுப்பதே அதிகப்பிரசங்கித்தனம்.

பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் இல்லாமல் உலர்த்தி, பாட்டிலில் சூடு இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்றி மூட வேண்டும். குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் விரிசல் விடும். ஒரு கிலோ பழத்துக்கு நாலு சின்னப் பாட்டில் கிடைக்கும். திறந்த பிறகு ஐஸ் பெட்டிதான். மேலே பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடும் வழக்கம் நம் வீட்டில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். வேண்டாம். பாட்டிலோடு தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இதை ஸ்கோன் என்ற ஒரு பன்னில் தடவித் தேநீரோடு சாப்பிட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், ஸ்கோன் போகவில்லை. மலை முழுக்க விற்கிறது. எங்கள் வீட்டில் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறோம். முகம் சுளிக்காதீர்கள், தோசைக்குச் சீனி தொட்டுத் தின்ற கை எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறது.

உங்களுக்கு ஸ்ட்ராபெரி கிடைக்காதே என்று கவலை வேண்டாம். மகாபலேஸ்வரத்துப் பழம் கல்லிடைக்குறிச்சி வந்து சேர்வதற்குள் தானாகவே ஜாம் ஆகியிருக்கும். நம் வேலியோரத்துக் களாக்காய் பழுத்துக் கறுக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை மட்டும் எடுத்துவிட வேண்டும். அதில் பெக்டினும் புளிப்பும் தாராளம், எலுமிச்சை கூடத் தேவைப்படாது. சீனியைப் பழத்துக்குச் சமமாகப் போடலாம். என்னைக் கேட்டால் ஸ்ட்ராபெரியை விட முதல் தடவைக்காரர்களுக்கு அதுதான் சுலபம். பதம் தவறுவது அரிது. இங்கே யாரிடமாவது இதைச் சொன்னால் என்னை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அண்ணன் அடுத்த மாதம் இங்கு வந்து திரும்பும்போது நாலு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். ஜாமை விமான நிலையச் சோதனைக்காரர்கள் திரவக் கணக்கில்தான் வைப்பார்கள். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் இருந்தால் சோதனை மேசையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே பெரிய பெட்டியில், வேட்டிக்கு நடுவில் சுற்றி வைக்கச் சொல்லி அவனிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான். அவன் வரும்போது களாக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். அதற்கும் அதே விதிதான், பெரிய பெட்டி.

இப்படிக்கு,
உங்கள் மகள்