சேக்காட்டில் சொட்டும் குழாய்: பார்க்கின்சன் விதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1955 நவம்பர் 19ஆம் தேதி லண்டன் ‘எகனாமிஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவையும் தின்று தீர்க்கும்வரை வேலை வீங்கும் என்பது அவர் கண்ட விதி. சாடியது என்னவோ அரசு அலுவலகங்களைத்தான். ஆனால் முதல் சான்றுக்கு அவர் அழைத்து வந்தது குமாஸ்தாவை அல்ல. வேலைவெட்டி ஏதுமின்றி வீட்டிலிருக்கும் ஒரு மூதாட்டியை. வெளியூரிலிருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு அந்த அம்மாள் ஒரு தபால் அட்டை எழுதிப் போடுவதற்குள் ஒரு பகல் போய்விடுகிறது. அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம், அடுத்த தெருத் தபால் பெட்டிவரை போகக் குடை வேண்டுமா என்று யோசிக்க மட்டும் இருபது நிமிடம்.

இந்த விதியை வைத்து உலகெங்கும் மேலாண்மை நூல்கள் குவிந்துவிட்டன. மூதாட்டியைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய துறையான ஓய்வுகால வீட்டு வேலை, ஆய்வாளர் கைபடாத தரிசாகவே கிடக்கிறது. அதில் ஒரு காணியை உழுது பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம் சேக்காடு. சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, சி.டி.எச். எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. மின்சார ரயிலுக்கு இந்து கல்லூரி நிலையம். இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முறையான காரணம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் கைத்தொழில் தெரிந்த ஓய்வூதியர்கள் இங்கே இருக்கும் அளவுக்கு வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம். 1965இல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.) பக்கத்திலேயே இருக்கிறது. ராணுவத்துக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப். இருக்கிறது. 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். பெரம்பூரில், 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில். இவற்றிலெல்லாம் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, 60 வயதில் மாலை போட்டு வழியனுப்பப்பட்டவர்கள் இந்தப் பகுதியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு டாங்கு ஃபிட்டர், ஒரு ரயில் பெட்டி வெல்டர், ஒரு சைக்கிள் அசெம்பிளிக்காரர், ஒரு தையல் சூப்பர்வைசர் என்று அமைவது இங்கே வெகு இயல்பு. கூடவே ஒரு வங்கி அதிகாரியும் இருப்பார். அவரில்லாமல் ஆய்வு நிறைவு பெறாது.

ஆய்வுப் பொருள்: பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே உள்ள பித்தளைக் குழாய். நிலை: சொட்டுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆய்வேடுகளைப் போல வாசகரைக் கடைசிவரை இழுத்தடிக்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரோ, அவர் வீட்டுக் குழாய் அவ்வளவு நாள் சொட்டும். ஒன்றுமே தெரியாதவர் வீட்டில் பிளம்பர் வருகிறார், தலையைக் கழற்றுகிறார், வாஷரை மாற்றுகிறார், காசை வாங்கிக்கொண்டு போகிறார். தெரிந்தவர் வீட்டில் பிளம்பர் என்ற பேச்சை எடுக்கவே முடியாது. “டாங்குக்கே கை வெச்சவன், டேப்புக்கு ஆள் கூப்பிடணுமா?” என்ற கேள்விக்கு இதுவரை எந்த இல்லத்தரசியாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை.

பொருளின் அமைப்பு மிக எளிது. கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கும். தண்டின் நுனியிலுள்ள ரப்பர் வில்லை, அதாவது வாஷர், தண்ணீர் வரும் துளையை அழுத்தி அடைக்கும். இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் 1845இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அன்றுமுதல் இன்றுவரை அதில் பழுதாவது பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த வில்லை. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, ரப்பர் இறுகி, ஓரம் தேய்ந்துவிடும். விலை ஒரு டீக்குக் குறைவு.

ஆனால் ஃபிட்டராக இருந்தவர் வில்லையிலிருந்து தொடங்கமாட்டார். அளவிலிருந்து தொடங்குவார். அலமாரியிலிருந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய வெர்னியர் காலிப்பர் வெளியே வரும். அரை இஞ்ச் குழாயின் மரையை அளந்தால் 20.955 மில்லிமீட்டர், ஏறத்தாழ 21 என்று காட்டும். அரை இஞ்ச் என்பதோ 12.7 மில்லிமீட்டர். அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்தது. மரை ஓடுவது வெளிப்புறத்தில். இஞ்சுக்கு 14 மரை, 55 டிகிரிக் கோணம். 1841இல் ஜோசப் விட்வொர்த் திருகுமரைக்கு வகுத்த ஒழுங்கு. அதே விட்வொர்த் பின்னாளில் பீரங்கியும் செய்தார் என்பதை ஆவடிக்காரர் யாரும் விட்டுவைப்பதில்லை. இவ்வளவையும் சமையலறை வாசலில் நின்று விளக்கி முடிக்கும்போது உள்ளிருந்து வரும் எதிர்வினை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “அரை இஞ்ச் அரை இஞ்ச் இல்லேன்னா, அது சொட்டறதும் சொட்டறது இல்லையாங்க?”

அடுத்த கட்டம் கலந்தாய்வு. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முதலில் ஒரு தலை தெரியும். “என்ன சார், காலையிலேயே ஸ்பேனர் சத்தம்?” என்பது மரபான தொடக்கம். கால் மணி நேரத்தில் குழு கூடிவிடும்.

வாஷரைக் கடையில் வாங்கக் கூடாது என்பார் சைக்கிள்காரர். பழைய டியூபை இரண்டு மடிப்பாக வெட்டிப் போட்டால் பத்து வருஷம் நிற்குமாம். ஓ.சி.எஃப். தையல்காரர் தேய்ந்த ஹவாய் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் குதிகாலில் ஐம்பது காசு நாணயத்தை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் ஒரே வீச்சில் வட்டம் வெட்டுவார். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த வட்டத்தில் பிசிறு இருப்பதில்லை. வெல்டர் பேசமாட்டார். பித்தளையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். பற்றவைத்துவிட்டால் ஒரேயடியாக நிற்கும் என்று அதற்குப் பொருள். வங்கி அதிகாரி மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கச் சொல்வார்.

இதையும் பார்க்கின்சன் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பின்னர் எழுதிய நூலில் ஒரு நிதிக் குழுவைக் காட்டுகிறார். கோடிக்கணக்கில் செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிடும் அக்குழு, ஊழியர்களின் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடுகிறது. கூட்டத்துக்குத் தரும் காபிக்கு ஒன்றேகால் மணி நேரம். அணு உலை யாருக்கும் புரியாது. காபி எல்லோருக்கும் புரியும். சேக்காடு இதற்குச் சேர்க்கும் திருத்தம் ஒன்று உண்டு: இங்கே அணு உலைப் பகுதியும் புரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே எந்தப் பொருளும் இரண்டரை நிமிடத்தில் முடிவதில்லை. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டுக் கலைந்தது. ஒரு தேசத்தின் பாதையை ஒரே மாநாட்டில் முடித்த ஊரில் டெஃப்லான் டேப்பை எந்தப் பக்கம் சுற்றுவது என்பது இன்னும் முடியவில்லை.

அந்த டேப்பைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 1938 ஏப்ரல் 6ஆம் தேதி, டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயு தேடப்போய்த் தற்செயலாகக் கண்டது டெஃப்லான். முதல் பெரிய உத்தியோகம் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில். யுரேனிய வாயு எதையும் அரித்துவிடும் என்பதால் மூட்டுகளை அடைக்க இதுதான் தாக்குப்பிடித்தது. அங்கிருந்து இறங்கி இறங்கி இப்போது தெருமுனை ஹார்டுவேர்ஸ் கடையில் வெள்ளைச் சுருளாகத் தொங்குகிறது. மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது அவிழ்ந்து சுருண்டுவிடும். இது தெரியாதவர் குழுவில் இல்லை. சண்டை, குழாயை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதில். சுவரைப் பார்த்து நிற்பவருக்கு வலமாக இருப்பது, சுவருக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இடம். இதற்கிடையில், டெஃப்லானே வேண்டாம், சணலைச் சுற்றிப் பெயிண்ட் தடவினால் போதும் என்ற பழைய கட்சி ஒன்றும் இருக்கிறது. அவர்களுக்கு டீ தனியாகப் போடப்படுவதில்லை.

வாங்குவதென்று முடிவானால் அது பயணமாகிவிடும். தெருமுனையில் கிடைக்கும் வாஷர் “லோக்கல்” என்பதால் ஏற்கப்படுவதில்லை. காலை டிபனை முடித்து, மஞ்சள் பையில் பழைய வாஷரைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, இந்து கல்லூரி நிலையத்தில் ரயிலேறிப் பாரிமுனை போக வேண்டும். லிங்கி செட்டித் தெருவின் வால்வுக் கடைகளில் நின்று பேசிவிட்டு, வழியில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் மாலை. பையைத் திறந்தால் அரை டஜன் வாஷர், ஒரு புதிய ரின்ச், தேவைப்படாத ஒரு கேட் வால்வு. வால்வு ஏன் என்ற கேள்விக்கு, “அங்கே கிடைக்கற விலைக்கு இங்கே கிடைக்காது” என்பதுதான் பதில். ரயில் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நடைப்பயிற்சித் தலைப்பில் வரும்.

இவ்வளவு தூரமும் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழுது பார்ப்போர் ஒரு தனிப் பிரிவு. இவர்களுக்குத் தத்துவப் பின்புலம் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியதில்லை. மூன்றாவது ஸ்டேஷனிலேயே இருக்கிறது. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார் என்கிறது பெரியபுராணம். அடித்தளம், தச்சர், சுதை வேலை, கிணறு, குளம், மதில் என்று ஒன்றும் விடாமல் நினைவிலேயே நாள்பட எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, உன் விழாவை வேறு நாளுக்குத் தள்ளிக்கொள் என்றான். நின்றவூருக்கு வந்து தேடிய மன்னன் கண்ணுக்குக் கோயில் எதுவும் படவில்லை. இன்று அவ்வூரிலுள்ள இருதயாலீஸ்வரர் கோயில் இந்தக் கதைக்குரியது. சேக்காட்டுப் பூசலார்களும் இதே முறைக்காரர்கள். மெயின் வால்வை மூடுகிறார்கள், தலையைக் கழற்றுகிறார்கள், உப்பைச் சுரண்டுகிறார்கள், வாஷர் மாற்றி முடுக்குகிறார்கள், எல்லாம் ஈஸிசேரில். பார்க்க வரும் மனைவி கண்ணுக்கு மட்டும் எதுவும் படுவதில்லை.

நவம்பரில் எல்லாப் பணியும் நின்றுவிடும். ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் மாதம் அது. 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணு உயிர்ச் சான்று வந்தபின் விரல் ரேகை போதும் என்றார்கள். ரம்பமும் அரமும் பிடித்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்க மறுப்பது தனிக் கதை. அதிலும் முந்தின நாள் குழாய் மூட்டுக்கு எம்-சீல் பிசைந்த விரலென்றால் கேட்கவே வேண்டாம். கருப்பையும் வெள்ளையையும் ஒரே நிறமாகும்வரை பிசையும் அந்தப் பசை, குழாயில் ஒட்டுகிறதோ இல்லையோ, கட்டைவிரலில் ஒட்டினால் நான்கு நாளாவது இருக்கும். 2021இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி வந்தது. எம்-சீலுக்கு அதனால் ஒரு தடை நீங்கியது.

சேதாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். மருந்துக்கடைக் கணக்கில் இருபது சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலேகால் லிட்டரும் கொஞ்சமும். மாதத்துக்கு 130 லிட்டர்; 20 லிட்டர் கேனில் ஆறரை. கேட்டால் பகீரென்கிறது. ஆனால் களத்தில் இழப்பு பூஜ்யம். குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி முதல் நாளே வந்துவிடுகிறது. அது துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. இரவில் டொக் டொக்கென்ற சத்தம் தூக்கத்தைக் கெடுக்காதபடி குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டி வாளிவரை தொங்கவிட்டிருப்பார்கள். சொட்டு நூலில் வழுக்கி ஓசையில்லாமல் இறங்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வீட்டம்மா. எடுத்துக்கொண்ட நேரம், நூல்கண்டு தேடியது உட்பட, இரண்டு நிமிடம். ஆய்வின் மையக் கருத்துக்கு இது முரண் என்பதால் புறநடையாகக் கொள்ளப்படுகிறது.

இத்துறைக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து கால்சுற்றுக் குழாய். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறந்தபின், சுற்றியுள்ள புது அடுக்ககங்களில் இதைத்தான் மாட்டுகிறார்கள். உள்ளே ரப்பர் வாஷர் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று உரசும் இரண்டு செராமிக் வில்லைகள்; துளைகள் நேர்ப்பட்டால் தண்ணீர், விலகினால் அடைப்பு. கெட்டால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். மகன் செல்போனில் அழைத்தால் சீருடை போட்ட பையன் வந்து மாற்றிவிட்டு ஐந்து நட்சத்திரம் கேட்கிறான். குழு கூட நேரமே இல்லை.

ஆனாலும் அந்தப் பையன் கழற்றிப் போட்ட பழைய கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போகவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஃபிட்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். பிரிக்க முடியாத மாதிரி செய்திருக்கிறான் என்று வெல்டர் முதல்முறையாக வாய் திறந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குள் பிரித்தாகிவிட்டது. திரும்பச் சேர்ப்பது பற்றி மூன்று கருத்துகள் நிலவுகின்றன. வங்கி அதிகாரியின் கருத்து இன்னும் வரவேண்டியிருக்கிறது.