ஐநூறு ரூபாய்க்கு ஏத்திவுடு தம்பி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடைகளில் மாதத்துக்கு ஒருமுறையாவது இவரைப் பார்த்துவிடலாம். அங்கே தவறவிட்டால் ஜெயங்கொண்டம் நாலு ரோட்டில் பிடிக்கலாம். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் போன். போனுக்கு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவர். அதற்குள் நான்காக மடித்த தாள். கரண்ட் சர்வீஸ் நம்பர், கேஸ் புக் நம்பர், கேபிள் பாக்ஸ் நம்பர் மூன்றும் அதில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதப்பட்டு, வியர்வையில் ஊறி, எது 3, எது 8 என்பது அவருக்கு மட்டுமே தெரிகிற நிலையில் இருக்கும். ஐநூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைப் பையனிடம் நீட்டுவார்.

“வாலட்டுல ஐநூறு ஏத்திவுடு தம்பி.”

ஊர் இவருக்கு வைத்த பெயர் டாப்-அப் சித்தப்பா.

இவருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது; நன்றாகவே இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விற்ற பணம் அதில்தான் வந்து விழுகிறது. ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்புக், பாலிதீன் பையில் சுற்றப்பட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகிறது. போனுக்கும் அதற்கும் எந்தத் தொடுப்பும் கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம். “கணக்கு வூட்டுல இருக்கட்டும், வாலட்டு வெளியில போவட்டும்” என்பார். பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஒரு டப்பா, மளிகைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று பருப்பு டப்பாக்களில் பணத்தைப் பிரித்து வைத்த அம்மாவுக்குப் பிறந்தவர் வேறெப்படி யோசிப்பார்?

வாலட் இவர் கைக்கு வந்தது 2016 நவம்பரில். பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போய், ஏடிஎம் வாசலில் ஊரே நின்றுகொண்டிருந்தபோது, அண்ணன் மகன் ஒருவன் போனை வாங்கி எதையோ இறக்கிக் கொடுத்தான். முதல் ரீசார்ஜிலேயே கேஷ்பேக். அரசாங்கம் பணத்தைச் செல்லாது என்கிற நாளில், ஒரு கம்பெனி சும்மா பணம் கொடுக்கிறதே என்று சித்தப்பா உருகிப்போனார். கேஷ்பேக் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. உருக்கம் நிற்கவில்லை.

இவருடைய பயம் அசட்டுப் பயமில்லை. “சார், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆகப் போகுது” என்று இந்தி வாசனையடிக்கும் தமிழில் போன் வந்தால் ஊரில் பாதிப் பேர் பதறுகிறார்கள். சித்தப்பா பதறுவதில்லை. “வாலட்டுல முப்பத்தேழு ரூவா இருக்கு. எடுத்துக்கிட்டு டீ குடிங்க” என்று சொல்லிவிட்டு வெங்காயப் பட்டறைக்கு நடையைக் கட்டுவார். முழு விவரம் கொடுக்காத சின்ன வாலட்டில் ஒரு சமயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்க ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுப்பதில்லை. முழு கேஒய்சி முடித்தால்தான் 2 லட்சம் வரை போகலாம். திருடனுக்கும் அந்தப் பத்தாயிரம்தான் உச்சவரம்பு என்பது சித்தப்பாவின் கணக்கு. ஓடிபியை நாமே வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தால், புகார் சொல்லும் வரை போன பணம் நம் தலையில்தான். 2017இல் வங்கிக் கணக்குக்கும் 2019இல் வாலட்டுக்கும் ரிசர்வ் வங்கி சொன்ன விதி ஏறக்குறைய ஒன்றே. ஆக, பாதுகாப்பு வாலட்டில் இல்லை, அதில் பணம் கொஞ்சமாக இருப்பதில்தான் இருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னால், “அதத்தானே நானும் சொல்றேன்” என்பார்.

இவருக்கு நேர் எதிர், அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மச்சினர். சம்பளம் கணக்கில் விழும். கரண்ட் பில், இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் எல்லாம் அதிலிருந்து தானாகப் போகும். போனதா இல்லையா என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பெரம்பலூரும் அரியலூரும் இருக்கிற இருப்பில்தான் இவர்கள் இருவரும் இருக்கிறார்கள். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மறுபடி ஒட்ட வைத்தார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். மாமனும் மாப்பிள்ளையும் பொங்கலுக்கு ஒட்டுவார்கள், கரண்ட் பில்லுக்குப் பிரிவார்கள்.

“மாமா, வாலட்டுல வட்டி உண்டா?” என்று மச்சினர் ஆரம்பிப்பார்.

“இல்ல மாப்ள. உன் பேங்குல எவ்வளவு?”

“ரெண்டரை சதவீதம்.”

சித்தப்பா காற்றில் விரலால் கணக்குப் போடுவார். ஐநூறு ரூபாய்க்கு மாதத்துக்கு ஒரு ரூபாயும் சில்லறையும். “அத நீயே வச்சுக்க.”

“பேங்க் திவாலானாலும் அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு மாமா. உங்க வாலட்டுக்கு?” இது உண்மையிலேயே கனமான கேள்வி. 2020 பிப்ரவரி 4 முதல் வங்கி டெபாசிட் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. வாலட் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. வாலட் நடத்தும் கம்பெனி அந்தப் பணத்தை ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும், அவ்வளவே. சித்தப்பா இந்த இடத்தில் வெற்றிலைச் செல்லத்தைத் தேடுவார்.

பிறகு பேச்சு சனிக்கிழமைக்குத் தாவும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி மூடிக் கிடப்பதைச் சித்தப்பா குத்திக் காட்ட, “சிறுவாச்சூர் மதுரகாளியம்மனே வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் நடை தெறக்குறா, அவகிட்ட மட்டும் கோச்சுக்க மாட்டீங்களே” என்பார் மச்சினர்.

“ஆத்தா மினிமம் பேலன்ஸ் கேக்க மாட்டா மாப்ள.”

இது சித்தப்பாவின் துருப்புச் சீட்டு. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறியபோது, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் பிடித்துக்கொண்டதும், நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்க வேண்டி வந்ததும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மறக்காது. ஸ்டேட் வங்கி 2020இலேயே அந்த அபராதத்தை விட்டுவிட்டது, இந்தியன் வங்கியும் 2025 ஜூலையில் விட்டுவிட்டது என்று மச்சினர் தேதியோடு சொல்வார். “வுட்டது சரி, அதுக்கு முன்னாடி எடுத்தத?” என்று அடுப்படியிலிருந்து மச்சினரின் அக்காவின் குரல் வரும். அத்தோடு அன்றைய விவாதம் முடிந்தது.

ஆனால் வாலட்காரருக்கும் கெட்ட காலம் வரும். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. மார்ச் 15க்குப் பிறகு புதிதாகப் பணம் ஏற்ற முடியாது, இருப்பதைச் செலவழித்துக்கொள்ளலாம் என்பதே இறுதி உத்தரவு. சித்தப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. தன் பேடிஎம் வாலட்டிலிருந்த இருநூற்றுச் சொச்சத்தைக் காப்பாற்ற அவர் வாங்கிய பொருட்கள்: இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு டார்ச் லைட், தேவையே இல்லாத ஒரு போன் சார்ஜர். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. சார்ஜர்தான் இரண்டு மாதத்தில் போய்விட்டது.

அதற்கும் முந்தைய வருடம் மார்ச்சில், வாலட் மூலம் 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் கட்டினால் 1.1 சதவீதம் கட்டணம் என்று செய்தி வந்தது. அது வியாபாரி தரப்பில் கம்பெனிகளுக்கு இடையே நடக்கிற பட்டுவாடா, வாடிக்கையாளருக்கு ஒன்றுமில்லை என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ விளக்கம் கொடுப்பதற்குள், சித்தப்பா அதைக் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப் உட்பட ஐந்து குரூப்புகளுக்கு அனுப்பிவிட்டார். விளக்கத்தை எந்தக் குரூப்புக்கும் அனுப்பவில்லை.

இவருடைய நிஜமான துன்பம் மோசடியில் இல்லை, மிச்சத்தில் இருக்கிறது. ஒரு வாலட்டில் 37, இன்னொன்றில் 112, பாஸ்வேர்டு மறந்த மூன்றாவதில் 9. இவற்றைச் சேர்த்து ஒரு பில் கட்ட முடியாது; சின்ன வாலட்டிலிருந்து கணக்குக்குத் திருப்பவும் முடியாது. கரண்ட் பில் 640 என்று வந்து, வாலட்டில் 612 இருந்தால் அந்த 28 ரூபாய்க்காக மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம் இருக்கிறது. சித்தப்பா ஓடுவது இருபதாவது நாள் சாயங்காலம். தவறாமல் திரும்பத் திரும்ப வருகிற பில்லுக்குக் கணக்கிலிருந்து நேரே கட்டுவதே சுலபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மச்சினரைப் போல எட்டிப் பார்க்காமலே இருப்பதையும் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. பார்க்காத கேபிள் சந்தா ஒன்று அவர் கணக்கிலிருந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

முன்பணம் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கு ரயில் பிடிக்கச் சித்தப்பா அரியலூருக்குத்தான் போக வேண்டும். ரயில்வேயின் ஆர்-வாலட்டில் பணம் போட்டுப் போனிலேயே முன்பதிவில்லா டிக்கெட் எடுத்தால் மூன்று சதவீதம் சலுகை கிடைக்கும். எந்தச் சேமிப்புக் கணக்கும் ஒரே நிமிஷத்தில் கொடுக்காத லாபம். கவுண்டர் வரிசையைத் தாண்டி பிளாட்பாரத்துக்குப் போகிற அந்த நடையில் ஒரு மிராசுதார்த்தனம் தெரியும்.

கடைசியில் மகள்தான் சமாதானத்துக்கு யுபிஐ லைட்டைக் கொண்டுவந்தாள். கணக்கிலிருந்து 5,000 வரை போனில் தனியாக ஒதுக்கிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமல் கட்டலாம். வேண்டாமென்றால் மிச்சம் கணக்குக்கே திரும்பிவிடும். பீரோவிலிருந்து பாஸ்புக் வெளியே வந்தது. இது வாலட்தான் என்று சித்தப்பாவும், இல்லை பேங்க்தான் என்று மச்சினரும் தத்தம் வெற்றியைத் தனித்தனியாகக் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் சமயபுரம் டோல்கேட் வரைக்கும்தான். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை ஏற்றிய குட்டியானை, ஸ்டியரிங்கில் சித்தப்பா, பக்கத்தில் மச்சினர். ஃபாஸ்டேக்கை வாலட்டோடு சேர்க்கலாம், கணக்கோடும் சேர்க்கலாம். சித்தப்பா எதைச் சேர்த்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வருடாந்திர பாஸ் சொந்தக் கார்களுக்குத்தான், குட்டியானைக்கு இல்லை. தடுப்புக் கட்டை எழவில்லை. இருப்பு போதாது. 2025 நவம்பர் 15 முதல் செல்லாத ஃபாஸ்டேக் வண்டி யுபிஐயில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, மச்சினர் தன் கணக்கிலிருந்து ஒன்றே காலைக் கட்டிவிட்டு, அக்கா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்.

“ஒரு பங்கு நான் தர்றேன் மாப்ள. அந்தக் கால் பங்கு, யுபிஐயில கட்டுன ஆளோடது” என்றார் சித்தப்பா. வண்டி கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியும் அந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது.